தப்புக் கதவைத் தட்டினால்

அந்தப் பைமேல் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சார். உள்ளே லேப்டாப் இருக்கிறது. பரவாயில்லை, பரவாயில்லை, இன்னும் படவில்லை. நானே மடியில் வைத்துக்கொள்கிறேன். எதிர்வண்டி வந்து கடந்தால்தான் நம் வண்டியை எடுப்பார்கள். ஒற்றைத் தண்டவாளம், இந்தப் பாதையில் எப்போதும் இப்படித்தான்.

ஆபீஸ் வேலை எதுவும் இல்லை, சார். இதில் விளையாட்டு செய்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டே பாடம் படிக்கிற விளையாட்டு. நீங்கள் சிரிப்பதில் தப்பில்லை. நான் படித்தது பத்தாவது. சின்னசேலத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தேன். எரிந்துபோன பம்புசெட் மோட்டார் வரும். பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். அதையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. எரிந்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். வீட்டுக்காரி தவறிப்போன பிறகு கடையை விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கண் சரியாகத் தெரியவில்லை, அதனால் விட்டேன். அப்புறம் கண் ஆபரேஷன் ஆனது. இப்போது நன்றாகத் தெரிகிறது. கடை மூடித்தான் இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே நாலாம் வகுப்புக்கு லூர்து டீச்சர். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். கடையை விட்டாலும் அந்த ஒன்றுக்குப் போனேன். கண்டன்சர் போயிருந்தது, மாற்றினேன். கையைக் கழுவிக்கொண்டு திரும்பினால், டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன டீச்சர், இதுவும் ஓடலியா?"

"இது ஓடுது ஐயா. எனக்குத்தான் மண்டை ஓட மாட்டேங்குது."

அவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். பாடத்தை விளையாட்டாகச் செய்து கொடுங்கள் என்று. அதற்கென்றே ஒரு மென்பொருள். எதுவும் எழுத வேண்டியதில்லை. வண்ண வண்ணமாகக் கட்டைகள் இருக்கும். 'நகர்', 'பேசு', 'மறைந்துகொள்', 'இதைத் தொட்டால் அதைச் செய்' என்று ஒவ்வொரு கட்டையிலும் ஒரு வேலை, தமிழிலேயே. இழுத்து வந்து ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்ட வேண்டும். பச்சைக் கொடியை அழுத்தினால் மேலேயிருந்து வரிசையாக ஓடும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டை தப்பான இடத்தில் மாட்டியிருந்தது. சொன்னேன். மாற்றினார். ஓடவில்லை. நான் சொன்னதும் தப்பு. மூன்றாவதாக மாட்டிப் பார்த்ததில் ஓடியது.

"ஐயா, உங்களுக்கு நேரம் இருக்குதானே? வாய்ப்பாட்டுக்கு எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்களேன். ஏழாம் வாய்ப்பாடு வந்தா இதுங்க எல்லாம் ஊமையாயிடுதுங்க."

நேரம் இருக்கிறதா என்று கேட்டார் பாருங்கள். அது இருந்தது.

மருமகன் பழைய லேப்டாப் ஒன்றை விட்டுப் போயிருந்தார், வீடியோவில் முகம் பார்த்துப் பேச. அதில் அந்த மென்பொருளை ஏற்றிக்கொண்டேன். யூடியூபில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முதலில் செய்தது ஒரு கிளி. சரியான எண் எழுதின பழத்தைத் தொட்டால் கிளி தின்னும். தப்பாகத் தொட்டால் சும்மா இருக்கும். ஒரு நாள் விளையாடினார்கள். மறுநாள் ஒருத்தரும் தொடவில்லை. கவிநிலா என்று ஒரு பெண், அந்த வகுப்பில் கெட்டிக்காரி. "இந்தக் கிளி எங்க பெரியப்பா மாதிரியே இருக்கு டீச்சர், சோறு போட்டாத்தான் அசையுது" என்றாளாம்.

அப்புறம்தான் கதவு விளையாட்டு. திரையில் ஒரு தெரு, நான்கு வீட்டுக் கதவு. ஒவ்வொரு கதவிலும் ஒரு எண். மேலே 'ஏழு நாலு?' என்று வரும். தெருவில் ஒரு சின்ன ஆள் நிற்பான். இருபத்தெட்டு எழுதின கதவைத் தட்டினால் கைதட்டல் கேட்கும், அடுத்த கணக்கு வரும். வேறு கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து திட்டுவாள்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் பெரிய பேச்சாகிவிட்டது. அதனால் எப்படி வரைந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மவுஸை வைத்து வரைவது கஷ்டம், சார். தலைக்கு ஒரு வட்டம். உடம்புக்கு ஒரு நீளக் கட்டம், அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன். புடவைக்குப் பச்சை, ஏனென்றால் கதவு பழுப்பு, எடுப்பாகத் தெரிய வேண்டும் இல்லையா. கண்ணாடியைக் கண்ணில் போட்டால் கண் வரைய இடம் போதவில்லை, அதனால் நெற்றிக்கு ஏற்றிவிட்டேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது மவுஸ் வழுக்கியது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியது, கை விரல் வரையத் தெரியாமல் மறைப்பதற்காக. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

அடுத்தது குரல். யாரிடம் போய்க் கேட்பது? நானே பேசிப் பதிந்தேன். குரலின் சுருதியை ஏற்றுகிற வசதி அதில் உண்டு. ஏற்ற ஏற்ற மெலிந்துகொண்டே போகும். ஓர் இடத்தில் நிறுத்தினேன். அதற்கு மேலே ஒரு புள்ளி போனாலும் குழந்தை பேசுகிற மாதிரி ஆகிவிடும், கீழே வந்தால் என் குரல். அந்த இடத்தைப் பிடிப்பதற்கே ஒரு வாரம் போல ஆகிவிட்டது. கிடைத்ததும் தெரிந்துவிட்டது.

என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததுதான். 'இந்த வீடு இல்லீங்க, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க.' இது ஒன்று. 'தட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?' இது ஒன்று. 'பசிக்குதுன்னு சொல்றதுக்கு என்ன, வெறும் வயித்தோட கணக்குப் போட்டா இப்படித்தான் வரும்.' 'போன தடவையும் இதேதான் செஞ்சீங்க, நான் ஏதாவது சொன்னேனா?' 'சரி விடுங்க, எல்லாருக்கும் வர்றதுதான்.' அப்புறம், 'கிரீஸ் கையோட கதவைத் தொடாதீங்க.'

லூர்து டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "பிள்ளைங்க கையில ஏது ஐயா கிரீஸ்?" என்றார்.

"சும்மா ஒரு பேச்சுக்கு டீச்சர்."

"அது போகட்டும். நாலாங்கிளாஸ் பிள்ளையை யாராவது வாங்க போங்கன்னு திட்டுவாங்களா?"

"மரியாதை பழகட்டுமேன்னுதான்."

டீச்சர் அந்த வரியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அப்புறம், "நல்லா இருக்கு ஐயா" என்றார்.

அங்கே சத்துணவு சமைக்கிற அஞ்சலை, எங்கள் தெருதான். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டுக் கரண்டியும் கையுமாக வகுப்புக்குள் வந்தாள். திரையைப் பார்த்தாள். அந்த அம்மா வெளியே வந்து, 'சரி விடுங்க, எல்லாருக்கும் வர்றதுதான்' என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"மாமா, இது நாயகி அக்காதானே?" என்றாள்.

என் வீட்டுக்காரி பெயர் தையல்நாயகி. தெருவில் நாயகி என்பார்கள்.

"இல்லம்மா, இது கணக்கு விளையாட்டு" என்றேன்.

"சரி மாமா, நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. போகட்டும். பச்சைப் புடவை என் வீட்டுக்காரியும் கட்டுவாள்தான். யார்தான் கட்டவில்லை?

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது, சார். அதைச் சொல்ல வேண்டும். முட்டி மோதினார்கள். அதனால் நானும் சேர்த்துக்கொண்டே போனேன். முதலில் எந்தத் தப்புக்கும் ஏதோ ஒரு வரி வரும். அப்புறம் ஒவ்வொரு தப்பு எண்ணுக்கும் தனி வரி என்று வைத்தேன். இருபத்தொன்றைத் தட்டினால் ஒன்று, இருபத்து நாலுக்கு வேறு ஒன்று. எட்டாம் வாய்ப்பாடு, ஒன்பதாம் வாய்ப்பாடு எல்லாவற்றுக்கும் வைத்தேன். சரியான விடைக்கு மட்டும் அதே கைதட்டல். அது மென்பொருளோடேயே சும்மா வருகிற கைதட்டல்.

சேர்த்ததை எல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுதான் பெரிய வேலை. காலையில் காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு தப்பாகத் தட்டிக்கொண்டே வருவேன். எங்காவது ஒரு வரி விட்டுப்போயிருந்தால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள் இல்லையா. சரியான கதவைச் சோதிக்க வேண்டியதில்லை. அது ஒரு தடவை ஓடினால் ஓடினதுதான்.

என் பெண் பரிமளா சேலத்தில் இருக்கிறாள். இப்போது அவளைப் பார்க்கத்தான் போகிறேன். போன திதிக்கு வந்திருந்தபோது அவளுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மூன்று தப்பு தட்டினாள். எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அதிகமாக வைத்துவிட்டேன் போல. அப்புறம் குறைத்து வைத்தேன்.

டீ வருகிறது, குடிக்கிறீர்களா? எனக்கு வேண்டாம்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது வட்டாரக் கல்வி ஆபீசிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்க. கையில் ஒரு டேப், சிலேட்டு மாதிரி இருக்கிற கம்ப்யூட்டர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கணக்குக்கு நான்கு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொல்வார். அன்றைக்குச் சாயங்காலம் லூர்து டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"ஐயா, என் கிளாஸ் மானமே போச்சு."

"என்ன டீச்சர்?"

"ஏழு நாலு எவ்வளவுன்னு கேக்குது. கவிநிலா இருபத்தொண்ணைத் தொடுது. தொட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டு டேபையே பாக்குது. அவரு அடுத்ததுக்குப் போறாரு. அதுவும் தப்பு. தொட்டுட்டுப் பாக்குது. 'என்னம்மா, தெரியலையா'ங்கிறாரு. 'அந்த அம்மா வரலியே சார்'ங்குது."

நான் வாசல் விளக்கைப் போட்டேன்.

"எந்த அம்மான்னு என்னைப் பாக்குறாரு. நான் என்னன்னு சொல்வேன்? வகுப்பு மொத்தமும் இதே கதை. நல்லாப் படிக்கிறதுங்கதான் முதல்ல. இந்தப் பக்கத்துலேயே நாங்கதான் கடைசி. விளக்கம் எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நான் சொன்னேன், "தெரிஞ்சுதானே டீச்சர் தப்பாத் தொட்டிருக்கு. தெரியாத பிள்ளைன்னா கைதவறி ஒரு தடவையாவது சரியாத் தொட்டிருக்கும். எல்லாமே தப்புன்னா எல்லாமே தெரியும்னுதானே அர்த்தம்."

"வாங்க ஐயா, வந்து அவர்கிட்ட இதையே சொல்லுங்க."

"சொல்றேனே."

"ஐயா." டீச்சர் குரலை இறக்கிக்கொண்டார். "அடுத்த மாசம் மறுபடியும் வர்றாரு. அதுக்குள்ள அந்த அம்மாவை எடுத்துடுங்க. இல்லேன்னா நான் அந்த விளையாட்டையே எடுத்துட வேண்டியதுதான். எனக்கு வேற வழி இல்லை. கோவிச்சுக்காதீங்க."

கோபம் எல்லாம் இல்லை, சார். ஆனால் நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். செய்யச் சொன்னது அவர். செய்து கொடுத்தேன். பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு எடு என்றால்?

எடுப்பது சுலபம்தான். படத்தின் மூலையில் ஒரு சின்னக் குப்பைத்தொட்டி இருக்கும். அதைத் தொட்டால் போய்விடும். ஆனால் அதில் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருக்கிறது. கதவு திறந்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு செய்தி போகும். அவள் வந்து, பேசி முடித்து, உள்ளே போய்க் கதவுக்குச் செய்தி அனுப்புவாள். அப்போதுதான் கதவு மூடும். அவள் இல்லையென்றால் கதவு மூடாது. ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். தப்புக் கதவைத் தட்டினேன். திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. அப்படியே திறந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். வேறு கட்டைகளை மாட்டிக் கதவை மூட வைக்கலாம்தான். அது சரியான முறை இல்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் போய் விளக்கிச் சொன்னேன். செய்தி, கதவு, எல்லாம். கேட்டுக்கொண்டார். அவர் நல்லவர்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க ஐயா. அவங்க இருக்கட்டும். சரியான கதவைத் தட்டினா மட்டும் வரட்டும். தப்புக்குக் கதவே திறக்க வேணாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். ஒரு கட்டையை இங்கேயிருந்து உருவி அங்கே மாட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிட்டேன். சரியான கதவைத் தட்டினேன். அந்த அம்மா வந்தாள். வந்து, 'கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க' என்றாள். சரியாகத் தட்டினவனிடம் அப்படிச் சொல்ல முடியாது இல்லையா. பழைய வரி எதுவும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். புதிதாக ஒரு வரி பதிய வேண்டும்.

உட்கார்ந்தேன். 'சபாஷ்' என்று சொல்லிப் பதிந்தேன். சுருதியை ஏற்றிக் கேட்டேன். டிவி விளம்பரத்தில் வருகிற பெண் மாதிரி இருந்தது. 'நல்லா செஞ்சீங்க' என்று சொல்லிப் பார்த்தேன். அதே இடத்துக்குத்தான் ஏற்றினேன், ஒரு புள்ளிகூட மாறவில்லை. யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. 'ரொம்ப சந்தோசம்' என்று ஒன்று. அது இன்னும் மோசம். திட்டுகிறபோது வாயில் தானாக வந்ததே, இப்போது ஒன்றுகூட வரவில்லை. மேற்பார்வையாளர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. டீச்சர் பள்ளிக்கூடத்து வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆச்சா ஐயா?" என்கிறார். "ஆயிட்டிருக்கு டீச்சர்" என்கிறேன்.

சரியாகச் செய்தால் அந்த அம்மா என்ன சொல்லுவாள் என்று தெரியவில்லை, சார். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், எல்லாம் சரியாக இருக்கிற நாளில், உங்கள் வீட்டுக்காரம்மா உங்களிடம் என்ன சொல்லுவார்கள்? யோசித்துச் சொல்லுங்கள்.

பார்த்தீர்களா, உங்களுக்கும் தெரியவில்லை.

கடைசியில் பரிமளாவுக்குப் போன் போட்டேன். "ஒண்ணுமில்ல, விளையாட்டுக்காகக் கேக்குறேன். ஒரு அம்மா இருக்காங்க. ஒருத்தரு வர்றாரு. எல்லாத்தையும் சரியாச் செஞ்சுட்டாரு, ஒரு குறையும் இல்லை. அந்த அம்மா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. "லைன்ல இருக்கியாம்மா?" என்றேன்.

"இருக்கேன்" என்றாள். அப்புறம், "அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா. கொஞ்சம் நகந்து உக்காருவாங்க" என்றாள்.

நான் கேட்டது விளையாட்டில் வருகிற அம்மாவை. அவள் ஏதோ நினைப்பில் சொல்லிவிட்டாள். உடனே, "பீ.பி. மாத்திரை போட்டியா, எப்ப வர்றே, வந்து எங்ககூட இரேன்ப்பா" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். ஆனாலும் அவள் சொன்னது செய்வதற்குச் சுலபமாக இருந்தது. குரலும் பதிய வேண்டியதில்லை. எனவே அதையே செய்தேன்.

இப்போது எப்படி என்றால், தப்புக் கதவைத் தட்டினால் திறக்காது. எவ்வளவு தட்டினாலும் திறக்காது. சரியான கதவைத் தட்டினால் திறக்கும். உள்ளே கூடம் தெரியும். அந்த அம்மா முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அதற்கு இரண்டே படம்தான், கை மேலே இருக்கிற படம் ஒன்று, கீழே இருக்கிற படம் ஒன்று, மாற்றி மாற்றிக் காட்டினால் ஆய்கிற மாதிரி இருக்கும். நிமிர்ந்து பார்ப்பாள். கிடைமட்டத்தில் கழித்தல் நாற்பது என்று போட்டிருக்கிறேன், அந்த அளவு இடது பக்கம் நகர்ந்துகொள்வாள். தெருவில் நின்ற சின்ன ஆள் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவள் மறுபடியும் கீரையை ஆய ஆரம்பிப்பாள். அவ்வளவுதான். பேச்சு இல்லை. கைதட்டலையும் எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் அது ஒட்டவில்லை.

டீச்சர் பார்த்துவிட்டு, "பேச மாட்டாங்களா ஐயா?" என்றார்.

"பேச என்ன இருக்கு டீச்சர், சரியாத்தானே செஞ்சிருக்காரு" என்றேன்.

பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். கவிநிலாதான் முதலில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் தப்புக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. வேறொன்று தட்டினாள். அப்புறம் சரியானதைத் தட்டினாள். அந்த அம்மா நகர்ந்தாள். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் சத்தம் போடாமல் பார்த்தார்கள். "அடுத்து நானு" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. வகுப்பில் அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை என்று டீச்சர் சொன்னார்.

மேற்பார்வையாளர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பரவாயில்லையாம். கவிநிலா எல்லாம் சரியாகப் போட்டுவிட்டாளாம். அந்த அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். டீச்சருக்கு இனி விளக்கம் எழுதுகிற வேலை இல்லை. அதனால் அந்த அம்மா இருக்கிறாள்.

டீச்சருக்கு இப்போது ஒரே ஒரு குறைதான். உட்கார்ந்த பிறகு அடுத்த கணக்கு வர வேண்டும் இல்லையா, நடுவில் 'காத்திரு' என்று ஒரு கட்டை போட்டிருக்கிறேன். "ரெண்டு செகண்டு போதுமே ஐயா, நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க? ஒரு பீரியட்ல பாதிக் கணக்குகூட முடிய மாட்டேங்குது" என்கிறார். குறைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எண்ணை மாற்றினால் போதும், பெரிய வேலை இல்லை. செய்துவிடலாம். பிள்ளைகள் யாரும் இதுவரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, சார். அந்த அம்மா கீரையை ஆய்ந்து முடிக்கிறவரைக்கும் அவர்களும் இருக்கிறார்கள்.